காயாத கல்

ஆறு கற்களில் ஒன்று காயவில்லை.

ஜனார்த்தனன் அதை மூன்றாவது தடவையாகத் துடைத்தான். கமரா வில்லை துடைக்கிற மெல்லிய துணியால் அழுத்தித் துடைத்து, யன்னலோரம் விரித்திருந்த கறுப்பு வெல்வெற்றில் வைத்து, கமராவில் கண்ணைப் பதித்து விளிம்பைத் தெளிவாக்குவதற்குள் கல் மறுபடியும் பனித்துவிட்டது. தண்ணீர் என்றால் துளித்துளியாக நிற்கும். இது நிற்கவில்லை. சளி பிடித்த குழந்தையின் மேலுதட்டில் படிவதுபோல மெல்லிய, வழுவழுத்த ஒரு படலம் கல்லை மூடியிருந்தது. விரலை வைத்து எடுத்தபோது நூலாக இழுபட்டு வந்தது. அவன் விரலை முகர்ந்து பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. மூடிவைத்து இரண்டு நாள் மறந்துபோன முட்டை வெள்ளைக்கருவின் வாடை, அதற்கு அடியில் இரத்தம் பட்ட இரும்பின் வாடை.

கார்த்திகை மழை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு வாரமாகக் கனகராயன்குளம் முழுவதும் ஊறிப்போய்க் கிடந்தது. சுவரில் பூஞ்சணம், அலுமாரிக்குள் மடித்து வைத்த சட்டையில் பூஞ்சணம், தகரத்தில் ஓயாத சத்தம், ஏ-ஒன்பது வீதியில் போகிற பஸ்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் இரைச்சல். எல்லாமே ஈரம்தான். ஆனால் மற்ற ஐந்து கற்களும் உலர்ந்து பளபளத்துக்கொண்டிருந்தன.

அவனுடைய பிழைப்பு கலியாணமும், பெண்பிள்ளைகள் பெரியவளாகிற சாமத்திய வீடும் படம் எடுப்பது. நாள் முழுக்க வியர்த்து வழியும் ஆட்களைப் பார்த்து "சிரியுங்கோ, சிரியுங்கோ" என்று கத்திவிட்டு வருகிறவனுக்கு, சிரிக்கத் தெரியாத ஒன்றைப் படம் எடுக்கிற ஆசை வந்ததில் வியப்பில்லை. முல்லைத்தீவு வின்சன் கொழும்பில் யாரிடமோ வாங்கி, இறால் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த பாம்பு அது. ஊர் மலைப்பாம்பான வெங்கணாந்தி இல்லை. ஆபிரிக்கச் சாதி. இரண்டு முழ நீளம், கைத்தண்டின் பருமன், காய்ந்த சருகின் நிறத்தில் கறுப்புத் தேமல்கள். பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அதனால் வின்சன் அதைப் பந்துப்பாம்பு என்பான். அவன் மனைவி சுதர்சினி அதைச் சனியன் என்பாள்.

கற்களை ஆற்றில் பொறுக்குவான். பழைய சலவை இயந்திரத்தின் மோட்டரில் அகலமான பிளாஸ்ரிக் குழாய்த் துண்டொன்றைப் பூட்டி, அதற்குள் கல்லும் மணலும் தண்ணீரும் விட்டுச் சுற்றவிடுவான். முதலில் பருமணல், பிறகு அரிமணல், பிறகு மினுக்குகிற பவுடர். நான்கு கிழமை இரவு பகலாக உருண்டு வருகிற கல்லில் முகம் தெரியும். அந்தக் கல்லும் செதிலும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தைத்தான் அவன் படம் எடுப்பான். எது கல், எது உயிர் என்று தெரியக்கூடாது. பேஸ்புக்கில் அதைப் பார்க்க எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் இருந்தார்கள்.

காயாத கல் மட்டும் ஆற்றில் பொறுக்கியது இல்லை. குளக்கட்டில், அம்மன் கோயில் பாலை மரத்தில் பிள்ளை வேண்டிக் கட்டிய தொட்டில்கள் நிறையத் தொங்கும். கந்தல் சீலையில் கட்டிய கைப்பிடியளவுத் தொட்டில்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பிள்ளைக்குப் பதில் ஒரு கல். மூன்று மாதத்துக்கு முன்னர் அவ்வழியே வந்தவன், வெயிலில் வெளுத்து நைந்துபோன ஒரு தொட்டிலின் கிழிசலால் எட்டிப் பார்த்த கல்லைக் கண்டான். முட்டை வடிவம். சுற்றிவர ஒரு சிவப்புக் கோடு. இன்றைக்கோ நாளைக்கோ விழப்போகிறதுதானே என்று நினைத்தான். காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

பாம்பை எடுத்து வெல்வெற்றில் விட்டான். அது தலையை உயர்த்தவில்லை, நாக்கை நீட்டவில்லை, ஐந்து கற்களைத் தாண்டி நேராக அந்தக் கல்லுக்குப் போய், அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, கழுத்தைக் கல்லின் மேல் சாய்த்துக்கொண்டது. இரண்டு மாதமாக இதைத்தான் செய்கிறது. வெள்ளெலியைக் காட்டினால் முகத்தைத் திருப்புகிறது. சரி, படத்துக்கு நல்லது. அவன் குனிந்து பன்னிரண்டு படங்கள் எடுத்தான்.

பிறகு கமராவின் சிறிய திரையில் அவற்றைப் பெருப்பித்துப் பார்த்தான். சிவப்புக் கோடு ஒன்றாக இல்லை. அதிலிருந்து கிளைகள் பிரிந்திருந்தன. மயிரைவிட மெல்லிய கிளைகள் கல்லின் தோலுக்குக் கீழே, ரோர்ச் வெளிச்சத்தில் பிடித்த அடைமுட்டைக்குள் தெரிவதுபோல ஓடின. அடுத்த படத்துக்குத் தள்ளினான். கிளைகள் தடித்திருந்தன. அதற்கு அடுத்ததில் மெலிந்திருந்தன. அடுத்ததில் தடித்திருந்தன. முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். தடிப்பு. மெலிவு. தடிப்பு. மெலிவு.

கமராவை மூடிவிட்டு வின்சனுக்குப் போன் எடுத்தான்.

"என்னடா விடியவே? ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. மச்சான், இது இன்னும் எலி தின்னுதில்லை. ரெண்டு மாசமாச்சு."

"விடு. அது ஆறு மாசமும் பட்டினி கிடக்கும். உன்னை மாதிரியே, ஒரு நேரம் பிந்தினால் சட்டியை உடைக்க?"

"ஒரு கல்லைச் சுத்திக்கொண்டு கிடக்குது. எடுக்க விடுதில்லை."

வின்சன் இருமி இருமிச் சிரித்தான். "பொம்பிளைப் பாம்படா. முட்டையெண்டு நினைக்குது. பிங்பொங் பந்து வைச்சாலும் சுத்திக்கொண்டு கிடக்கும். ஒரே வீட்டில ரெண்டு பிள்ளைத்தாச்சி. கெட்டிக்காரனடா நீ!"

"கல்லுச் சுடுது, வின்சன்."

"மேல பல்ப் கொழுவியிருக்கிறாயெல்லே. அந்தச் சூடுதான்."

அந்தப் பல்ப் எரிந்துபோய் நான்கு நாள். ஜனார்த்தனன் போனை வைத்தான். பாம்பையும் கல்லையும் சேர்த்து வெல்வெற்றோடு தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கி, மற்ற ஐந்தையும் பின்னால் போட்டு மூடினான். கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினான். விரலிடுக்கில் அந்த வாடை இருந்தது.

மத்தியானம் சுதர்சினி முட்டைக் குழம்பு வைத்திருந்தாள். ஏழாம் மாதம் முடிகிற வயிற்றைத் தள்ளிக்கொண்டு, குசினிக் கதவில் ஒரு கை ஊன்றி, அவன் கோப்பையில் சோற்றையும் அவித்த முட்டையையும் போட்டாள். முட்டை குழம்பில் ஒரு தரம் உருண்டு, பளபளத்த பக்கத்தை மேலே காட்டிக்கொண்டு நின்றது. அவன் அதைத் தொடாமல் சோற்றை மட்டும் பிசைந்தான்.

"ஏன் பிசைஞ்சுகொண்டு இருக்கிறியள்? உப்புக் கூடவோ?"

"பசிக்கேல்லை."

"அந்தச் சனியனைத் தொட்ட கையாலதானே திண்டுகொண்டு இருக்கிறியள், பிறகெப்பிடிப் பசிக்கும்? பிள்ளை பிறக்க முதல் அது இந்த வீட்டை விட்டுப் போகவேணும். சொல்லிப்போட்டன்."

"போகும்."

அவள் திரும்பி நின்று பானையைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய பானை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "நேற்றுப் பின்னேரம் தொடக்கம் பிள்ளை துடிக்கேல்லை."

"நித்திரையாக்கும்."

"ஓம். நித்திரையாத்தான் இருக்கும்." பானையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு இது மூன்றாவது வயிறு. முதலாவது மூன்று மாதத்தில் போனது, இரண்டாவது ஐந்தில். இரண்டைப் பற்றியும் அந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. "நாகேஸ்வரி மிஸ்ஸுக்குப் போன் பண்ணினனான். மழை குறைய வாறாவாம். அம்மாட்டையும் சொன்னனான், மரத்தடியில கற்பூரம் கொளுத்திப்போட்டு, தொட்டில் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாக்கச் சொல்லி."

"என்ன தொட்டில்?"

"கத்தாதேங்கோ. உங்களுக்கு இதெல்லாம் பகிடி எண்டுதான் சொல்லேல்லை. ரெண்டாவதும் போனதுக்குப் பிறகு அம்மாவும் நானும் போய்க் கட்டின நேத்தி. என்ர மஞ்சள் சீலையிலதான் கிழிச்சது." அவள் இப்போது திரும்பியிருந்தாள். முகத்தில் சின்னதாக ஒரு வெட்கம். "கல்லு நான்தான் தேடி எடுத்தனான். நல்ல வடிவான கல்லு. அரைஞாண் கயிறு கட்டின மாதிரிச் சுத்திவரச் சிவப்புக் கோடு. பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு நாள் கழிஞ்சுதான் அவிழ்த்துக் குளத்தில விடவேணும். அதுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது."

அவனுடைய விரல் முட்டைக்குள் இறங்கியிருந்தது. அவனுக்கே தெரியாமல் இறங்கியிருந்தது. மஞ்சட்கரு நகத்துக்குள் ஏறியது.

"மாமியை மழைக்குள்ள போகவேண்டாமெண்டு சொல்லு," என்றான். "நான் போய்ப் பாக்கிறன்."

செய்ய வேண்டியது சின்ன வேலை. கல்லை எடுப்பது, துணியில் சுற்றுவது, குளக்கட்டுக்குச் சைக்கிளை மிதிப்பது, வைத்த இடத்தில் வைப்பது. நான்கு கிழமை மணலோடு அரைத்ததை எப்படித் திருப்பி வைப்பது என்ற கேள்வியை அவன் யோசிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு திரும்புகையில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஊரில் பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கிற குடும்பநல மாது நாகேஸ்வரி மழைக்கோட்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தா.

"என்ன பிள்ளை, உன்ர வயித்துக்குள்ள ஆள் கோவத்தில இருக்கிறாராம்?" என்று சிரித்தபடி சுதர்சினியைக் கட்டிலில் படுக்கவைத்தா. சட்டையை விலக்கிக் கையை வைத்தா. சிரிப்பு நின்றது. "வயிறென்ன இப்பிடிக் குளிருது? இப்பவோ குளிச்சனி?"

"இல்லை மிஸ். விடியக் குளிச்சனான்."

நாகேஸ்வரி நெஞ்சுச் சத்தம் கேட்கும் குழலை வயிற்றில் ஊன்றிக் காதை வைத்தா. இடம் மாற்றினா. மறுபடி மாற்றினா. மழைச் சத்தம் இடைஞ்சலாக இருந்திருக்கும். கண்ணாடி யன்னலை மூடச் சொன்னா. மூடினான். ஐந்தாவது இடத்தில் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தா.

"ஓட்டோ ஒண்டு பிடியும் தம்பி. வவுனியாவுக்குக் கொண்டுபோய் ஒருக்கா ஸ்கான் பண்ணிப் பாப்பம். பயப்பிட ஒண்டுமில்லை." பயப்பட இருக்கும்போது சொல்லும் குரல் அது.

சுதர்சினி அழவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஓட்டோக்காரன் மாங்குளத்தில் நின்றான். அரைமணித்தியாலம் என்றான். ஜனார்த்தனன் போனை வைத்துவிட்டு அவளுடைய கையைப் பிடிக்கப் போனான். பிடிக்காமல் நின்றான்.

வயிறு மினுங்கியது. தோலில் இருந்த வரிகள் இல்லை. மயிர் இல்லை. வியர்வை இல்லை. தொப்புளுக்கு மேலே, நீண்ட சதுரமாக, நான்கு கம்பிகளோடு யன்னல் தெரிந்தது. கண்ணாடியில் தெரிவதுபோல. மினுக்கிய கல்லில் தெரிவதுபோல. நான்காம் கிழமைப் பவுடரில் வரும் அதே மினுக்கம். அவன் இருபது தடவை கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்து, திருப்திப்பட்டு, முத்தம்கூடக் கொடுத்த மினுக்கம்.

"உடுப்பு எடுத்துக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனான்.

கதவைத் திறக்கும்போதே வாடை அடித்தது. வெள்ளைக்கரு. இரத்தம். அதற்கு மேலே இப்போது புதிதாக ஒன்று, பால் திரைந்த புளிப்பு. கண்ணாடிப் பெட்டியின் உட்பக்கம் முழுக்க நீராவி படிந்து வழிந்தது. அவன் மூடியைத் தூக்கினான். மூச்சு விடுவதுபோல ஒரு சூடு முகத்தில் பட்டது.

ஐந்து கற்கள் மூலையில் தள்ளப்பட்டுக் கிடந்தன. அவற்றின் மேல் பாம்பின் எச்சம், சுண்ணாம்புக் கட்டி கட்டியாக. பாம்பு நடுவில். நான்கு வளையங்கள். வளையங்களுக்குள் அது.

கல் இல்லை. கல்லாக இருந்தது பிசைந்த மாவுபோலச் சுருங்கியிருந்தது. வெளிறிய தோல். நாளங்கள். அடியில் ஒரு பக்கம் கன்றிச் சிவந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோலின் ஒரு இடம் உள்ளேயிருந்து தள்ளப்பட்டுப் புளியங்கொட்டையளவுக்கு எழும்பியது. மெதுவாக நகர்ந்தது. அமர்ந்தது.

எடுக்கவேண்டும்.

கையை விட்டான். பாம்பு அசையவில்லை. வளையங்களை ஒவ்வொன்றாக விலக்கினான், எண்ணெய்த்தன்மையான செதில் விரல்களில் வழுக்கியது. இரண்டு கையையும் அதற்கடியில் ஏந்தினான். சூடாக இருந்தது. காய்ச்சல்காரனின் கழுத்துப்போல. உள்ளங்கைக்கு எதிரே அடித்தது. வேகமாக. மிக வேகமாக. குருவியின் நெஞ்சுபோல.

பிள்ளை. அவனுடைய பிள்ளை. இரண்டு தடவை போய், மூன்றாம் தடவை வந்தது. அவன் தூக்கினான். பாரம் இருந்தது. கனிந்த பழம்போல விரல்கள் அதன் தோலுக்குள் ஆழ்ந்தன. கிழிந்துவிடும் என்று பயந்து பிடியை மாற்றினான். அடிப்பக்கத்திலிருந்து இளஞ்சூடான சளி விரலிடுக்கால் வழிந்து, மணிக்கட்டில் இறங்கி, சட்டைக் கைக்குள் ஓடியது. உள்ளே என்னவோ புரண்டு, நகமில்லாத ஏதோவொன்றால், அவன் உள்ளங்கையைத் தடவியது.

குமட்டியது. தன் பிள்ளை என்று தெரிந்தும் குமட்டியது. அவன் கைகள் அவனைக் கேட்கவில்லை. உதறின.

அரை வினாடி.

வெல்வெற்றில் விழுந்தது. விழுந்த சத்தம் ஈரமாக இருந்தது. பாம்பின் தலை அப்போதுதான் எழும்பியது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நாக்கை நீட்டியது. அதன் உதட்டோரக் குழிகளை அவன் நூறு தடவை படம் எடுத்திருக்கிறான். சூட்டை மணந்து இரை பிடிக்கிற குழிகள். வின்சன் அடைகாக்கிறது என்றான். அடைகாக்கவில்லை. பதம் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது.

கண்ணுக்குத் தெரியாத வேகம். பிறகு எல்லாம் மெதுவாக, மிகவும் ஆறுதலாக.

தாடை கழன்றது. இடது பக்கம் ஒரு எட்டு, வலது பக்கம் ஒரு எட்டு. இளஞ்சிவப்புப் பல்முரசு. தோல் விரிந்து செதில்கள் ஒன்றைவிட்டொன்று விலகின. ஜனார்த்தனன் அதன் கழுத்தைப் பிடித்தான். இழுத்தால்? பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் கிழியும். எது கிழியும் என்று அவனுக்குத் தெரியும். கத்தி அலுமாரிக்கு மேலே. கத்தியால் எங்கே வெட்டுவது? பாம்பின் தோல் எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது?

கடைசி வெண்மையும் உள்ளே போனது. வாய் மூடியது.

முன்னறையில் சுதர்சினி கத்தினாள்.

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

"இஞ்சேருங்கோ!" அது சிரிப்பு. அழுகையும் சிரிப்பும். "இஞ்ச ஓடி வாங்கோ! துடிக்குது! மிஸ், இஞ்ச, இஞ்ச கை வையுங்கோ!"

"ஐயோ, ஓமடி பிள்ளை!" நாகேஸ்வரியும் சிரித்தா. "நல்லாத் துடிக்குது. சும்மா எங்களைக் கலங்கடிச்சுப்போட்டு! வயிறும் சுடுது இப்ப. தம்பி, எங்க போட்டீர்? வந்து பாரும்!"

அவன் பாம்பைப் பெட்டியிலிருந்து தூக்கிக்கொண்டு நிலத்தில் அமர்ந்தான், அது அவனுடைய மடியில் நீண்டு கிடந்தது. கழுத்துக்குக் கீழே வீக்கம். அவன் இரண்டு பெருவிரல்களையும் வீக்கத்தின் கீழ் விளிம்பில் வைத்து, மேல்நோக்கித் தள்ளினான். பற்பசைக் குழாயைத் தள்ளுவதுபோல. மெதுவாக. வாயை நோக்கி. வழுக்கியது. கையெல்லாம் சளி.

"அம்மா!" முன்னறையில் அவள் மூச்சுப் பிடித்தாள். "ஆரோ பிடிச்சு நெரிக்கிற மாதிரி இருக்கு, மிஸ்."

கையை எடுத்தான்.

தசைகள் ஒரு தரம் சுருங்கின. வீக்கம் இரண்டு செதில் இறங்கியது.

"இப்ப சரி," என்றாள் சுதர்சினி. "கீழ இறங்குறான். எனக்கு விளங்குது. நல்ல சுகமா இறங்குறான்."

அவன் தள்ளவில்லை. வெட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். இழுபட்டு மெலிந்த தோலில், விலகிய செதில்களுக்கிடையே, உள்ளிருந்து ஐந்து சிறிய புள்ளிகள் எழும்பின. அரிசியளவில் ஐந்து. ஒன்று மற்ற நான்கிலிருந்தும் சற்று விலகி நின்றது. அவை தோலைப் பற்றி, பிடி கிடைக்காமல், வழுக்கி, மறுபடியும் பற்றின.

"வாங்கோவன்," என்று அவள் கூப்பிட்டாள். "கையால தடவுறான்."